வெள்ளைக்கல் ஊரில் மிராக்கிள் பழம்

மிராக்கிள் பழம் என்பது, தின்ற பிறகு எலுமிச்சையைக்கூட நாக்குக்கு இனிக்க வைக்கிற ஒரு சின்னச் சிவப்புப் பழம். சேலத்தில் அந்தச் செடி வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நான் பார்த்த வீடுகளில் அது முழங்கால் உயரத்தில், மஞ்சள் இலையோடு, சாகவும் இல்லாமல் வளரவும் இல்லாமல் நிற்கும். உரம் பத்தவில்லை என்று நினைத்து ஆட்டு எரு, முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் என்று அள்ளிப் போடுவார்கள். செடி இன்னும் வெளுக்கும். என்னிடம் வந்து சேர்ந்த செடியும் அந்த நிலைமையில்தான் வந்தது. அதைத் தேற்றிக் காய்க்க வைத்த கதை இது.

செடி என் பெரியம்மா மகன் அண்ணனுடையது. அவர் வீடு சூரமங்கலத்துக்கு அந்தப் பக்கம். கேரளாவிலிருந்து கூரியரில் வரவழைத்து, மாடியில் சிமெண்ட் தொட்டியில் வைத்து, போர் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். அண்ணிக்கு அதைக் கண்டாலே ஆகாது. "பூவும் இல்ல, பழமும் இல்ல, சாமிக்கும் ஆகாது, சமையலுக்கும் ஆகாது" என்பார். ஒரு நாள் அண்ணனே போன் செய்தார்: "தம்பி, நீ வந்து எடுத்துட்டுப் போயிடுடா. பொழைச்சா பழம் குடு. இல்லைன்னா தொட்டிய மட்டும் திருப்பிக் குடுத்துடு, அது நல்ல தொட்டி."

அந்த நல்ல தொட்டிதான் பாதி வில்லன் என்று அவரிடம் அப்போது சொல்லவில்லை.

இந்தச் செடி மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் சின்செபாலம் டல்சிஃபிகம். சப்போட்டா, இலுப்பை, மகிழம் எல்லாம் இருக்கும் அதே குடும்பம். ஆனால் சப்போட்டா மாதிரி எந்த மண்ணிலும் சமாளித்துக்கொள்ளாது. அதற்கு வேண்டியது புளிப்பு மண். புளிப்பையும் காரத்தையும் அளக்கும் எண்ணான பிஹெச் 4.5 முதல் 5.8 வரை இருந்தால்தான் வேர் ஒழுங்காகச் சாப்பிடும். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு, மேலே போகப் போகக் காரம் என்பது பள்ளியில் படித்ததுதான். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். மண் 5.5-லிருந்து 7.5-க்குப் போனால் புளிப்பு நூறில் ஒரு பங்காகிவிடும்.

நம் ஊரோ நேர் எதிர். ரயிலில் ஓமலூர்ப் பக்கமிருந்து சேலம் ஜங்ஷனுக்கு வருகிறவர்கள் வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருக்கும் மேடுகளைப் பார்த்திருப்பார்கள். அது மேக்னசைட். நாம் வெள்ளைக்கல் என்போம். அதை வைத்தே வெள்ளக்கல்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அந்த மேடுகளுக்குச் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்கல் என்பது மெக்னீசியம் கார்பனேட். அது போக வயல்வெளி மண்ணில் சுக்கான்கல் கிடக்கும், அது கால்சியம் கார்பனேட். இந்த இரண்டுக்கும் நடுவே ஊறி வருகிற போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியைப் பார்த்தாலே தெரியும்.

ஏற்காடு மலையில் இதற்கு மறுபக்கம். அங்கே பாறையிலிருந்த சுண்ணாம்பு, சிலிக்கா எல்லாவற்றையும் காலங்காலமாக மழை கரைத்துக் கழுவிவிட்டது. மிஞ்சியது இரும்பும் அலுமினியமும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைப்பதற்கும், காப்பிச் செடி அங்கே நன்றாக வருவதற்கும் அடிப்படை ஒன்றுதான். மண் சிவந்து, புளிப்பாக இருக்கிறது. ஆக, மிராக்கிள் பழத்துக்கு வேண்டிய வெயில் கீழே இருக்கிறது, வேண்டிய மண் மேலே இருக்கிறது. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு.

சரி, செடிக்கு வருவோம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் இலையைத்தான் பார்த்தேன். கீழே இருந்த பழைய இலைகள் ஓரளவு பச்சையாகத்தான் இருந்தன. நுனிக் கொத்திலிருந்த புது இலைகள்தான் வெளிர் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சைக் கோடாக, மெல்லிய வலை மாதிரித் தெரிந்தது. நுனி காய்ந்து பழுப்பாகச் சுருண்டிருந்தது. தழைச்சத்துக் குறைவு என்றால் கீழ் இலை முதலில் வெளுக்கும். ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தைப் பிடுங்கிப் புதுத் தளிருக்குக் கொடுத்துவிடும். இரும்பை அப்படிப் பிடுங்க முடியாது, பழைய இலையில் போனது அங்கேயே தங்கிவிடும். அதனால் புதுத் தளிர் வெளுத்து நரம்பு பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் இரும்புக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. பிஹெச் ஏறியதால் அது துருவாக மாறிக் கரையாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். இந்த நிலைமையில் எப்சம் சால்ட் போடுங்கள் என்று யூடியூபில் சொல்வார்கள். அது மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியத்தை மலை மலையாகத் தோண்டி எடுக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கடையில் காசு கொடுத்து வாங்குவானேன்?

அப்புறம் அளந்து பார்த்தேன். இரண்டு ஊசி வைத்த, பேட்டரியே இல்லாத மண் மீட்டர் ஒன்று நர்சரிகளில் விற்கிறது, அது விளையாட்டுச் சாமான். அதை நம்ப வேண்டாம். நான் பயன்படுத்தியது பேனா மாதிரி இருக்கும் பிஹெச் மீட்டரும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும். மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும். தொட்டியில் மழைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் வழிகிற முதல் அரை டம்ளரைப் பிடித்து அதில் மீட்டரை விட வேண்டும். வேர் குடிக்கிற தண்ணீர் அதுதான். அண்ணன் தொட்டியில் வழிந்தது 7.9. அவர் வீட்டுப் போர் தண்ணீர் 8.1, டிடிஎஸ் 1,400-க்குக் கொஞ்சம் மேலே. எங்கள் வீடு கன்னங்குறிச்சிப் பக்கம், மலையடிவாரம். எங்கள் போர் கொஞ்சம் தேவலை, ஆனாலும் பிஹெச் எட்டை ஒட்டித்தான் நிற்கிறது. குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரின் டிடிஎஸ் 300 பக்கம், பிஹெச் 7.6.

வினிகர் சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணில் வினிகர் ஊற்றி நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்பார்கள். சுக்கான்கல்லுக்கு அது சரி, உடனே பொரிந்து நுரைக்கும். வெள்ளைக்கல் அப்படிச் செய்யாது. குளிர்ந்த, வீரியம் குறைந்த அமிலத்தில் அது சாதுவாகக் கிடக்கும். அதனால் சேலத்தில் நுரை வரவில்லை என்பதை வைத்து மண் நல்ல மண் என்று முடிவு கட்ட முடியாது.

தரையில் குழி எடுத்து வைக்கலாமே என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம் என்றால் 8 கன அடி, ஏறத்தாழ 225 லிட்டர். மண் எடை 300 கிலோ வைத்துக்கொள்ளலாம். அதில் நூற்றுக்கு 5 பங்கு சுண்ணாம்பு என்றால் 15 கிலோ. ஒரு கிலோ கந்தகம் அமிலமாக மாறினால் சுமார் 3 கிலோ சுண்ணாம்பைக் கரைக்கும். ஆக, அந்தக் குழியின் சுண்ணாம்பைத் தீர்க்க மட்டுமே 5 கிலோ கந்தகம் வேண்டும். அதன் பிறகுதான் மண் புளிக்கவே ஆரம்பிக்கும். அதற்குள் பக்கவாட்டு மண்ணிலிருந்து புதுச் சுண்ணாம்பு ஊறி வந்துவிடும். மாமா காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப தொட்டியே வெச்சுக்கப்பா" என்று போய்விட்டார்.

தொட்டி என்றாலும் சிமெண்ட் தொட்டி ஆகாது. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். புதுத் தொட்டியில் இது அதிகம். வெளிப்பக்கம் படிகிற வெள்ளைப் பொடியைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் உள்ளேயும் நடக்கிறது. 25 லிட்டர் பெயிண்ட் டிரம் ஒன்றை நன்றாகக் கழுவி, அடியிலும் அடியோரப் பக்கவாட்டிலும் துளை போட்டேன். இந்தச் செடியின் வேர் மெல்லிசு, ஈரம் வேண்டும், ஆனால் தேங்கிய தண்ணீரில் அழுகிவிடும். துளை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

மண்ணுக்கு ஏற்காட்டுக்குப் போனேன். காட்டிலிருந்து மண் அள்ளக் கூடாது, அது சட்டப்படி குற்றம். எனக்கு மச்சான் முறையுள்ள ஒருவர் அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறார். முதலாளியிடம் கேட்டுவிட்டு, சில்வர் ஓக் மரத்தடியில் மட்கிக் கிடந்த இலை மண்ணில் இரண்டு மூட்டை கட்டிக் கொடுத்தார். மேல் பரப்பிலுள்ள காய்ந்த சருகைக் கையால் ஒதுக்கினால் அதன் அடியில் கறுப்பாக, ஈரமாக, வெள்ளைப் பூஞ்சை இழை ஓடிய ஓர் அடுக்கு வரும். பிடித்தால் உருண்டையாகும், விட்டால் உதிரும். அந்த அடுக்குதான் வேண்டும். அதற்குக் கீழே உள்ள செம்மண்ணிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். இறங்கும் பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்து, "காப்பிக் கொட்டைங்களா?" என்றார். மண் என்றேன். "ஏன், கீழ மண்ணே இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

இந்த மலைக்கு வெளியூர்ச் செடிகள் வருவது புதிதில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இங்கே காப்பியைக் கொண்டுவந்து வைத்தவர். பேரி, ஆப்பிள் எல்லாம் வைத்துப் பார்த்தவரும் அவரே. மிராக்கிள் பழம் அவர் கைக்குக் கிடைத்திருந்தால் அதையும் ஒரு கை பார்த்திருப்பார்.

கலவை: தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, எஸ்டேட் இலை மண் இரண்டு பங்கு, மலைச் செம்மண் ஒரு பங்கு, நெல் உமி ஒரு பங்கு. நார்க்கழிவு நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்து, எண் இறங்கும்வரை அலச வேண்டும். கடைசி அலசலாவது மழைத் தண்ணீராக இருக்கட்டும். உமி பச்சை உமியாக இருக்க வேண்டும். கருக்கிய உமியும் சாம்பலும் காரம். அண்ணன் போட்டிருந்த முட்டை ஓடுகளை வேர்ப்பந்திலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அவர் சிரத்தை என்னவோ பெரிசுதான், நொறுக்கிப் பொடியாக்கியெல்லாம் போட்டிருந்தார். பழைய மண்ணில் பாதியை மழைத் தண்ணீரில் மெல்ல அலசி விட்டேன். வேரை முழுக்கக் கழுவி அம்மணமாக்கவில்லை. அந்த அதிர்ச்சியை நோயாளிச் செடி தாங்காது. வைத்து முடித்தபின் வழிந்த தண்ணீர் 5.7.

கந்தகத் தூளில் ஒரு மேசைக்கரண்டி மேல்மண்ணில் கலந்தேன். அது உடனே வேலை செய்யாது. மண்ணிலுள்ள பாக்டீரியா அதைத் தின்று கந்தக அமிலமாக மாற்ற வேண்டும். சூடும் ஈரமும் இருந்தால் சில வாரம், இல்லையென்றால் மாதக்கணக்கு. அவசரப்பட்டு மறுபடி மறுபடி போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் புளித்து வேரைப் பொசுக்கிவிடும்.

இதுவரை சொன்னது எல்லாமே ஒரு தடவை செய்கிற வேலை. தினமும் ஊற்றுகிற தண்ணீர் சரியில்லையென்றால் இதில் ஒன்றும் நிற்காது. எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்ற காரப் பொருள் அதன் பிஹெச்சை நாளுக்கு நாள் மேலே இழுத்துக்கொண்டுபோய்விடும். முதலில் நான் எலுமிச்சை உப்பைத்தான் பயன்படுத்தினேன். மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம். எங்கள் போர் தண்ணீருக்கு 10 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் பிஹெச் 6-க்குக் கீழே இறங்குகிறது. கலக்கியதும் சோடா மாதிரிச் சின்னக் குமிழ் வரும், கார்பனேட் வாயுவாகப் போகிறது என்று அர்த்தம். இது அவசரத்துக்குக் கைகொடுக்கும், நிரந்தரத் தீர்வாகாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிட்ரிக் அமிலத்தைத் தின்றுவிடும், தின்றபின் காரம் பழையபடி தலைதூக்கும். கால்சியமும் மெக்னீசியமும் போகாமல் அங்கேயேதான் இருக்கும். பேட்டரி அமிலம் ஊற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

மழைத் தண்ணீர்தான் வழி. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பைப் இறக்கினார்கள். பெரும்பாலும் எல்லாம் நேராகக் குழிக்குத்தான் போகிறது. நான் வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகையிலிருந்து மட்டும் தனியாகப் பிடிக்கிறேன். மாடித் தண்ணீரைப் பிடிக்கவில்லை. காரணம், வெயிலுக்காக மாடித் தளத்தில் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். அதில் ஓடி வருகிற முதல் மழையை அளந்து பார்த்தால் போர் தண்ணீரே பரவாயில்லை என்று இருக்கும். தகரக் கொட்டகையில் அந்தத் தொல்லையில்லை. 100 சதுர அடித் தகரத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்கு மேல் வரும். முதல் பத்து நிமிடத் தண்ணீரைத் தூசியோடு வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தை 200 லிட்டர் நீல டிரம்மில் மூடி வைத்து, வாயில் கொசு வலை கட்டியிருக்கிறேன். ஐப்பசி மழையில் டிரம்கள் ரொம்பிவிடும். செடிக்குத் தினம் ஒரு லிட்டர், கோடையில் ஒன்றரை. இப்படிக் கணக்குப் பார்த்து ஊற்றினால் மாசி வரைக்கும் கவலையில்லை. அதற்கப்புறம் சித்திரைக் கோடை மழை வரும் வரை ஏசி யூனிட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர். அதுவும் காற்றிலிருந்து குளிர்ந்து விழுகிற தண்ணீர்தானே, உப்பே கிடையாது. ஆர்ஓ மெஷினின் நல்ல தண்ணீரும் ஆகும். அதன் கழிவுத் தண்ணீரை மட்டும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், அது போர் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சியதற்குச் சமம்.

உடனடி மருந்தாக அன்னபேதி. செவ்வாய்ப்பேட்டையில் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் தருவார்கள். பெரஸ் சல்பேட்தான் அது. இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பேறிய தூளாக இருந்தால் துருப்பிடித்துவிட்டது, பிரயோஜனமில்லை. ஒரு லிட்டர் மழைத் தண்ணீரில் 5 கிராம், கூடவே ஒரு கிராம் எலுமிச்சை உப்பு. கரைத்த உடனே, வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி மெல்லிய தூவல். ரொம்ப இளந்தளிர் என்றால் பாதி அளவு போதும், இல்லையென்றால் கறுப்புப் புள்ளி விழும். சட்டையில் பட்டால் கறை போகாது. வாரம் ஒரு முறை அடித்ததில் மஞ்சள் இலைகளில் முதலில் நரம்பை ஒட்டிய பகுதி பச்சையேறியது, பிறகு பரவியது. முற்றிய இலைகள் சில கடைசி வரை தேறவில்லை. அவற்றைக் கிள்ளவும் இல்லை, தானாக உதிரட்டும் என்று விட்டேன். அடுத்து வந்த கொத்து வெண்கலச் சிவப்பாகத் துளிர்த்துப் பச்சையானபோதுதான் வேர் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நம்பினேன். அதற்குப் பின் அன்னபேதி தேவைப்படவில்லை. உரமாக அம்மோனியம் சல்பேட் சிட்டிகை அளவு, மாதம் ஒரு தடவை. அது தழைச்சத்தும் தரும், மண்ணையும் புளிக்க வைக்கும்.

நம் கோடை வெயில் இந்தச் செடிக்கு நேரடியாக ஆகாது. பங்குனி தொடங்கியதும் மாமரத்துக்குக் கிழக்கே நகர்த்திவிடுவேன். காலை வெயில் மட்டும் படும். மாடியில் வைத்திருப்பவர்கள் 50 சதவீத பச்சை வலை கட்டிக்கொள்ளலாம். அனல் காற்றுதான் வெயிலைவிட மோசம், இலை ஓரம் கருகும். மாவுப்பூச்சி வரும், எறும்பு வந்தால் கூடவே அதுவும் வந்திருக்கிறது என்று பொருள். டிரம்மைத் தண்ணீர்த் தட்டில் மூன்று கல் வைத்து அதன் மேல் நிறுத்தினால் எறும்பு ஏறாது. வேப்பெண்ணெய் தெளித்தாலும் சரி.

மச்சானுக்கும் ஒரு கன்று வாங்கிக் கொடுத்தேன், எஸ்டேட் வாசலில் வைத்திருக்கிறார். அங்கே தண்ணீருக்கு ஒரு வேலையும் இல்லை, ஓடைத் தண்ணீரே போதும். இலை கரும்பச்சையாகப் பளபளவென்று இருக்கிறது. ஆனால் ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். கார்த்திகை முதல் தை வரை பனியிலும் குளிரிலும் செடி அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது, ஒரு தளிர்கூட விடுவதில்லை. என் செடி காய்த்த பிறகும் அது பூக்கவில்லை. "உன் மண்ணும் வேணாம், எங்க குளிரும் வேணாம்னு நிக்குது" என்கிறார். ஜன்னலோரமாக வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பூவைப் பூ என்று கண்டுபிடிக்கவே நேரமாகும். இலைக் காம்பின் இடுக்கில், பழுப்பு நிறக் குப்பிக்குள்ளிருந்து அரிசி நொய் மாதிரி வெள்ளையாக எட்டிப் பார்க்கும். இதழ் விரியும் முன்பே சூல்தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரே செடி இருந்தால் போதும், தானே காய்க்கும். நான் காலையில் கிளையை மெல்ல உலுக்கிவிடுவேன். பூத்ததில் பெரும்பாலானவை உதிர்ந்துபோகும், அதற்காகக் கலங்க வேண்டாம். விதையிலிருந்து வளர்ந்த செடி காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும் என்பது பொதுக் கணக்கு. என்னுடையது அண்ணன் வீட்டில் சோம்பிக் கிடந்த காலத்தையும் சேர்த்தால் அதற்கும் மேலே. காய் பச்சையாக நீள உருண்டையில் இருந்து, ஒரே வாரத்தில் ரத்தச் சிவப்பாகிவிடும். ஒரு அங்குலம்கூட இருக்காது. கொண்டைக்குருவிக்கு அந்தச் சிவப்பு தூரத்திலிருந்தே தெரியும். நிறம் மாறத் தொடங்கியதும் சின்ன வலைப் பை கட்டிவிட வேண்டும்.

பழத்தில் சதை கொஞ்சம்தான், மெல்லிய இனிப்பு, அவ்வளவுதான். வேலை அதிலுள்ள மிராக்குலின் என்ற புரதத்தினுடையது. 1725 வாக்கில் மேற்கு ஆப்பிரிக்கா போன தே மார்ஷே என்ற பிரெஞ்சுக்காரர், அங்குள்ளவர்கள் புளித்த உணவுக்கு முன் இதை மெல்வதைப் பார்த்து எழுதினார். 1968-இல் குரிஹாராவும் பீட்லரும் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது நாக்கிலுள்ள இனிப்பு உணரும் இடத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். வாய்க்குள் புளிப்பு வரும்போது மட்டும் அந்த இடத்தைத் தூண்டிவிடும். அதனால் எலுமிச்சை இனிக்கும். சர்க்கரைக்குப் பதிலாக இதை விற்க அமெரிக்காவில் ஒரு கம்பெனி தொடங்கி, 1974-இல் அந்நாட்டு அரசின் அனுமதி கிடைக்காமல் மூடிப்போன கதையும் உண்டு. சூடு பட்டால் புரதம் கெட்டுவிடும், அதனால் சமையலில் சேர்க்க முடியாது. பறித்த பழமும் ஃப்ரிட்ஜில் ஓரிரு நாளைக்கு மேல் தாங்காது.

முதல் அறுவடையன்று அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டேன். கொட்டையைக் கடிக்காமல், சதையை நாக்கு முழுக்கப் படுகிற மாதிரி ஒரு நிமிடம் புரட்ட வேண்டும். பிறகு தட்டில் எலுமிச்சைத் துண்டு, மாங்காய்க் கீற்று, அரைநெல்லி, புளிச்ச மோர். அண்ணன் எலுமிச்சையைச் சப்பிவிட்டுத் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரைநெல்லிதான் எல்லாருக்கும் பிடித்தது, சர்க்கரைப் பாகில் போட்டெடுத்த மாதிரி இருந்தது. மோர் எனக்குப் பிடிக்கவில்லை, பாயசத்தில் உப்புப் போட்ட ருசி. தட்டுவடை செட்டு வாங்கி வந்திருந்தோம், அதில் எலுமிச்சை பிழிந்த இடமெல்லாம் இனித்தது, காரம் காரமாகவே இருந்தது. கசப்பும் மாறாது, ஏற்காட்டுக் காப்பியில் அதைப் பார்த்தோம். ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் மெல்ல மெல்ல நாக்கு பழைய நிலைக்கு வந்தது.

அண்ணி பழத்தை வாயில் போட்டதிலிருந்து ஒன்றும் பேசவில்லை. எலுமிச்சை மூடிகளை வரிசையாகக் காலி செய்துகொண்டிருந்தார். "அண்ணி, போதும். இனிக்கிறது நாக்குக்குத்தான், வயித்துக்கு அது புளிப்புதான்" என்று தட்டை இழுத்து வைத்தேன். பல் எனாமலுக்கும் அதே கதைதான். இது சர்க்கரை வியாதிக்கு மருந்தா என்று அண்ணன் கேட்டார். இல்லை. சர்க்கரை சேர்க்காமல் ஒரு எலுமிச்சைச் சாறு குடிக்கலாம் என்பதோடு சரி. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைத் தின்னலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

துப்பிய கொட்டைகளை உடனே கிண்ணத்தில் பிடித்துக்கொண்டேன். பார்த்ததும் சப்போட்டாவின் உறவு என்று தெரிந்துவிடும்: பளபளப்பான கரும்பழுப்பு, ஒரு பக்கம் நீளமாக வெளிர்த் தழும்பு. இந்த விதையைக் காயவைத்தால் செத்துவிடும். சதையைச் சுத்தமாகக் கழுவி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். அலசிய நார்க்கழிவில், படுக்கை வாட்டில், விதை மூடும் அளவு ஆழம் போதும். டப்பாவின் மேல் கண்ணாடித் தாள் கட்டி நிழலில் வைத்தால் ஒரு மாத வாக்கில் முளை தெரியும். விற்பனைக்கென்று பாக்கெட்டில் வரும் காய்ந்த விதைகள் வெறும் அலங்காரம், வாங்க வேண்டாம்.

இப்போது கைவசம் ஆறு கன்று இருக்கிறது. முளைத்த கன்று முதல் வருடம் விரல் நீளம்தான் வரும், கேட்கிறவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அண்ணி ஒன்று கேட்டிருக்கிறார். கொடுக்கும் முன் அண்ணன் வீட்டுக் கொட்டகைத் தகரத்துக்குப் பைப் மாட்டி ஒரு நீல டிரம் வைக்க வேண்டும். பிளம்பரிடம் சொல்லியாயிற்று, ஆடி போய் மழை பிடிக்கும் முன் வருகிறேன் என்றிருக்கிறார்.